முழங்கால் அண்ணாச்சியின் முதுகு

பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் முழங்காலுக்கு மேல் நனையாதவர்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் முழங்கால் அண்ணாச்சி.

தொழில் போட்டோ எடுப்பது. கல்யாணம் முடிந்ததும் புது ஜோடியை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பது இப்போது தாலி கட்டுவதற்கு அடுத்த சடங்காகிவிட்டதல்லவா? மற்றவர்கள் அதற்கு ட்ரோனோடு வருவார்கள். இவர் மூங்கில் கம்போடு வருவார். நோயாளியைத் தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி, கம்பால் தாமிரபரணியை அங்கங்கே குத்திப் பார்ப்பார். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் கேமரா பைக்குள் போய்விடும். ஒரு மாப்பிள்ளை, தான் நீச்சலில் காலேஜ் சாம்பியன் என்று சொல்லிப் பார்த்தாராம்.

"சந்தோசம் வே. உம்ம பொஞ்சாதி கட்டியிருக்க பட்டுச்சேலை எந்தக் காலேஜ்ல நீச்சல் படிச்சுது?"

ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு ஜோடி நடு ஆற்றில் இருப்பதாகத்தான் தோன்றும். ஜோடியை ஆழமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு இவர் தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டு, கேமராவை நீர்மட்டத்தில் வைத்து எடுப்பார். சிற்றலைகூடப் பெருவெள்ளமாகத் தெரியும். அந்த நேரத்தில் வேட்டி ஒரு பக்கம் மிதக்கும், பட்டாபட்டி டவுசர் வானத்தைப் பார்க்கும்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான். சீவலப்பேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றின் நடுவே ஒரு பாறை இருக்கிறது. சுற்றிலும் சுழல். அதில் உட்கார்ந்துதான் படம் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

"அங்கன உக்காந்தா படம் நல்லாத்தான் வரும். நீரு திரும்பி வருவீரான்னுதான் தெரியல" என்றார்.

எங்களைக் கரையோரக் கல் ஒன்றில் உட்காரவைத்துவிட்டு வழக்கம்போல் படுத்து எடுத்தார். படத்தைப் பார்த்து என் மாமியார் அழுதேவிட்டார். நாங்கள் அந்த நடுப்பாறையில் இருப்பதாகவே தோன்றியது. நானும் சும்மா இராமல் 'சுழலுக்கு நடுவே நாங்கள்' என்று எழுதி வாட்ஸப்பில் போட்டேன். படம் ஊரெல்லாம் சுற்றியது.

நாலாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார்.

"அந்தப் பாறை எங்கன இருக்குன்னு மூணு ஜோடி கடைக்கு வந்து கேட்டுட்டுப் போகுது. நம்ம படம் ஆளைக் கூப்பிடுது வே."

"விடுங்க அண்ணாச்சி, உங்களுக்குப் பேருதானே."

"பேரு கெடக்கட்டும். அன்னைக்கு நான் படுத்துக் கெடந்ததை உம்ம வீட்டம்மா போன்ல எடுத்துச் சிரிச்சாவல்லா, அதை அனுப்பும்."

அடுத்த நாள் அந்த ஆற்றுப் பாதையில், மருத மரத்தில் ஒரு பேனர் தொங்கியது. ஒரு பாதியில் எங்கள் படம். மறு பாதியில் அண்ணாச்சியின் முதுகும் பட்டாபட்டியும். கீழே, 'இருவரும் உட்கார்ந்திருப்பது கரையில். தண்ணீர் முழங்கால் அளவு. படுத்திருப்பவன் நான். நடுப்பாறைக்குப் போகாதீர்கள்.'

ஊர் சிரித்தது. இத்தனை வருஷம் காப்பாற்றிய தொழில் ரகசியம் ஒரே நாளில் போயிற்று. மற்ற போட்டோகிராபர்கள் அவரைக் கண்டால் குப்புறப் படுத்துக் காட்டினார்கள். எனக்கோ கோபமான கோபம். ஆபீஸில் தலைகாட்ட முடியவில்லை. இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியூரில் இருக்கும், புதிதாகக் கல்யாணமான என் மச்சினனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தார்கள். வரும் வழியிலேயே ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள்.

"அத்தான், நாங்களும் அந்தப் பாறையில ஏறி ஒரு படம் எடுத்திருவோம்னுதான் போனோம். செருப்பக்கூட கழட்டியாச்சு. மரத்துல அந்தப் பட்டாபட்டியப் பாத்து இவ சிரிச்சா பாருங்க, நிக்க முடியாம உக்காந்துட்டா. பொறவு கீழ எழுதியிருந்ததை வாசிச்சோம். அப்படியே திரும்பி வந்துட்டோம்."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி இரண்டு பேர் இலையிலும் இன்னொரு கரண்டி வைத்தாள். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

சாப்பிட்டதும் நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வே, வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"எல்லாரும் சாப்பிட்டாச்சு அண்ணாச்சி" என்றேன். அந்த 'எல்லாரும்' என் வாயிலிருந்து வந்ததே, அதற்காக இன்றுவரை அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.