வேகம் கூட்டுகிறவர்

கலைமதியின் கல்யாணத்தன்று பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும், பெண்ணைப் பெற்றவள் சாப்பிடவில்லை என்பது மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடியோ எடுக்க வந்த இளம்பரிதிக்குத் தோன்றியது. ஒரு தட்டில் சோறும் ரசமும் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, பானுமதியின் பக்கத்தில் வைத்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளை தங்கமான பிள்ளை.

ஆனால் வேகம் கூட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவன் அதில் பிறந்தவன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். வேலை வேகமாக நடப்பதற்கு என்ன உண்டோ அதைச் செய்வார்கள். சோம்பேறிகளா? சேச்சே. இவர்களைப் போல உழைப்பவர்கள் மொரப்பூரிலேயே கிடையாது.

பானுமதி கோயில் வாசலில் பூ விற்பவள். முகூர்த்தத்தன்று சமையல்காரருக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்து, சித்தேரியிலிருந்து பஸ்ஸில் வந்த சொந்தங்களுக்குக் காப்பி ஊற்றி, சீர்த்தட்டை எண்ணி, ஓடி ஓடி, தாலி ஏறியதையே மேளச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு சூரத்தில் வேலை. நான்காம் வாரம் புதன்கிழமை ரயிலேறினால் மகள் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கல்யாணத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் சாமியிடம் கேட்டது அவ்வளவுதான்.

இளம்பரிதியின் ஸ்டுடியோவுக்கு முதல் வாரம் போனாள். கம்ப்யூட்டருக்குள் படத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறதாம். அது சூடாகிறதாம். கழற்றி, தூசி ஊதி, பழைய பசையைச் சுரண்டி, சந்தனம் போலப் புதுப் பசை தடவிக்கொண்டிருந்தான். சந்தனம் தடவுகிற வேலை என்றால் நல்ல வேலைதான் என்று திரும்பி வந்தாள். இரண்டாம் வாரம் கார்டை ஓட்டுகிற சாப்ட்வேரைப் புதிதாக ஏற்றினான். புதிது பிடிக்காமல் பழையதையே திரும்ப ஏற்றினான். மூன்றாம் வாரம் கரண்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து ஓட்டத்தைக் கூட்டினான்.

“நேத்து எண்பத்தி மூணு டிகிரிங்கக்கா. இன்னிக்கு அறுபத்தெட்டு.”

“காய்ச்சல் எறங்கிருச்சுன்னு சொல்லு தம்பி,” என்று பானுமதி கையெடுத்துக் கும்பிட்டாள். “படம் எப்பக் கெடைக்கும்?”

“படம் என்னங்கக்கா, உக்காந்தா ஒரே நாளு. கார்டு மட்டும் ஒழுங்கா ஓடட்டுங்க.”

அவன் உட்காரத்தான் நேரமில்லை.

அன்று சாயங்காலம் கார்டுக்கு ஓர் அர்ச்சனை வைத்தாள். பூசாரி நட்சத்திரம் கேட்டார். இளம்பரிதியின் நட்சத்திரத்தையே சொல்லிவைத்தாள்.

ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு வேகம் கூடியதா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்கு அவன் வைத்திருந்தது தாலி கட்டுகிற அந்த அரை நிமிஷம். ஓமப்புகை, சீரியல் லைட்டு, பொலபொலவென்று விழும் அட்சதை. இதைவிடக் கார்டைக் கஷ்டப்படுத்துகிற காட்சி கல்யாணத்தில் வேறு இல்லையாம். அந்தத் துண்டைப் படமாக்கித் தரக் கம்ப்யூட்டருக்கு முதலில் ஆனது முப்பது செகண்டு. பசை தடவியதும் இருபத்தாறு. கரண்டைக் குறைத்ததும் இருபத்திரண்டு.

புதன்கிழமை காலையில் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தாலி கட்டினார்கள். அட்சதை விழுந்தது. பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்ததைப் போட்டார்கள். தாலி கட்டினார்கள். அட்சதை விழுந்தது. அதற்கடுத்தது. தாலி. நாற்பத்தோரு தடவை. வேகம் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. வேறொன்றும் இல்லை.

“இத்தனை முடிச்சுப் போட்டா நான் எங்கீங்க தப்பிச்சு ஓடறது?” என்றார் மாப்பிள்ளை.

“நலங்கு எங்கம்மா? அப்பா என்னியக் கைப்புடிச்சுக் குடுத்தது எங்க?” என்று கலைமதி கேட்டாள்.

பத்தொன்பதாவது தாலியின்போதே பானுமதி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். மணவறைக்குப் பின்னால், புகைக்கு நடுவில், ஒருத்தி தண்ணிக்குடத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். அது அவளேதான். தாலி ஏறுகிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சம் இருபத்திரண்டிலும் பார்க்கவில்லை.

நீங்கள் சிரிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி முடிப்பதற்குள் சாமி கும்பிடுகிற நேரம் போனது உங்கள் வீட்டில் நடந்ததே இல்லையா?

ஸ்டேஷனுக்கு இளம்பரிதியும் வந்தான். யாரும் கேட்காமலே பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான். ரயில் போய், பிளாட்பாரம் காலியான பிறகு பானுமதியிடம் வந்து, மெதுவாக, ஆறுதலாகவே சொன்னான்:

“பதினோரு செகண்டுக்குக் கொண்டாந்துட்டனுங்கக்கா. பத்தாயிட்டா, உக்காந்திருவேன்.”