காதுகுத்தில் கழன்ற மேல்வரிசை

வழுக்கைக்குத் தொப்பி போடலாம். தொந்தியைத் தொளதொளச் சட்டைக்குள் ஒளிக்கலாம். வாயை மட்டும் மறைக்க வழியில்லை, எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் பேசுவார். வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாமல் போன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அப்போது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

சர்க்கரை, ஈறு நோய், இவற்றோடு "வலி தானா போயிரும்" என்ற என் வைத்திய ஞானம் எல்லாம் சேர்ந்து வாயைக் காலி செய்துவிட்டன. மனைவி மல்லிகா என்னைப் புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் பொறுமையாக மூன்று வழிகள் சொன்னார். சாதாரணமாகக் கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று. தாடை எலும்பில் சில திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் டிச் பட்டன்போல அழுத்தி மாட்டும் செட் இன்னொன்று; ராத்திரி கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். மூன்றாவது, இன்னும் ஒன்றிரண்டு திருகு கூடுதலாகப் பதித்து, வீட்டில் கழற்றவே வேண்டாதபடி நிலையாகப் பொருத்திவிடுவது.

"சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா ரெண்டாவதோ மூணாவதோ பண்ணிக்கலாங்க" என்றார்.

திருகு என்றால் துளை. ஆலங்குடிக்காரனுக்குத் துளை என்றால் போர்வெல். என் தோப்பில் தண்ணீர் வராத குழிகள் இரண்டு இருக்கின்றன.

"எறக்குனப்பறம் எலும்பு சரியில்லன்னா வேற எடத்துல போடுவீங்களா?"

"ஸ்கேன்ல அளந்து பாத்துட்டுத்தாங்க எறக்குவோம். குத்துமதிப்பா எறக்க மாட்டோம்."

"உள்ளங்கையில தேங்காய வச்சு எனக்கு நீரோட்டம் பாத்தவரும் இதையேதாங்க சொன்னாரு."

மல்லிகா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். நான் முதல் வழியையே தேர்ந்தெடுத்தேன். (பயம் என்று யார் சொன்னது? "மொதல்ல இதைப் பழகிப் பாப்போம்" என்று கௌரவமாகத்தான் சொன்னேன்.)

விஷயம் மல்லிகாவைத் தவிர யாருக்கும் தெரியாது. என் உரக்கடையில் வாயை மூடியே சிரித்தேன். தும்மல் வந்தால் செட் தெறித்துவிடுமோ என்று மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். ஆள் ரொம்பக் கண்டிப்பாக மாறிவிட்டான் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. எங்களுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் என்று மடியில் வைத்துக்கொள்ள நான் ஒருவன்தான். மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுக்க வரும். அவர்கள் முன்னால் நான் கம்பீரமாக உட்கார வேண்டும். 'ஒங்க அண்ணனுக்கு அதுக்குள்ள பொக்கை வாயா' என்று யாராவது கேட்டுச் செல்வி தலைகுனிந்தால் என்னால் தாங்க முடியாது. அன்று காலை பல்செட்டை ஈறில் ஒட்டும் பசையை இரண்டு மடங்கு அப்பிக்கொண்டேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயில். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை என் மடியில் இருந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். யாழினி வீறிட்டாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல" என்று வாயை அகலத் திறந்து கொஞ்சினேன். சின்னக் கை உள்ளே போனது. இழுத்த இழுப்பில் மேல்வரிசை முழுசாக வெளியே வந்துவிட்டது.

அழுகை சட்டென்று நின்றது. கூட்டத்தின் பேச்சும் நின்றது. குழந்தை வாயில் நாலு பல், கையில் பதினாலு.

நான் பிடுங்கப் போனேன். ஆசாரி என் கையைத் தடுத்தார்.

"தொடாதீங்கண்ணே. புள்ள அழுகைய நிப்பாட்டிருச்சு. இதோட அடுத்த காதையும் முடிச்சுருவோம்."

"அது என் பல்லுய்யா" என்றுதான் சொன்னேன். வெறும் காற்றுதான் வந்தது.

"கொஞ்ச நேரம் வெளையாடட்டும் தம்பி" என்றார் செல்வியின் மாமியார். ஏதோ கிலுகிலுப்பையைத் தர மறுத்தவன்போல ஆகிவிட்டேன். போட்டோக்காரர் வேறு, "அண்ணே, இங்கிட்டுப் பாருங்க, சிரிங்க" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்ய?

இரண்டாவது காதைக் குத்தியபோது யாழினி லேசாகச் சிணுங்கியதோடு சரி. என் பல்லைக் கடிப்பதில் அவள் அவ்வளவு மும்முரமாக இருந்தாள்.

செல்வி அதைக் குழாயடியில் கழுவி, முந்தானையில் துடைத்து எடுத்து வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். கொஞ்சம் நிஜமாகவே அழுதிருந்தாள் என்றும் தெரிந்தது.

"ஏண்ணே, எங்கிட்டகூடச் சொல்லலாம்னு ஒனக்குத் தோணலயா?"

மேல்வரிசையை வாங்கி எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டேன். இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்டதுபோல் நிம்மதியாக இருந்தது. பந்தியில் செல்வியின் மாமியார் என் இலைக்கு எதிரே வந்து நின்றுகொண்டு, "தம்பிக்கு எலும்பு வேணாம், ஈரலாப் பாத்து வைங்க, கொழம்ப நல்லா ஊத்துங்க" என்று பரிமாறுகிறவர்களை விரட்டினார். யாருக்குப் பயந்தேனோ அவர் உபசரிப்பில் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

மறு வாரமே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். கதையைக் கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார். சர்க்கரையை இறக்கவே பல மாதம் ஆயிற்று. பிறகு மேலே நாலு, கீழே இரண்டு திருகுகள், அவை எலும்போடு பிடிக்கக் காத்திருந்து அதன்மேல் பட்டன் செட். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் துளை போட்டபோது வலி தெரியவில்லை. நான்தான் கண்ணை இறுக்கிக்கொண்டு குலதெய்வத்தை வீணாகத் தொந்தரவு செய்தேன். இப்போது முறுக்கைக் கடிக்கிறேன், கடையில் வாய்விட்டுச் சிரிக்கிறேன், தும்மல் வந்தால் நின்ற இடத்திலேயே தும்முகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடியாது. யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் அவளுக்கு முன்பல் விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"மாமா, சின்னப் புள்ளையில ஒங்க பல்லையெல்லாம் நான்தான் பிடுங்கிட்டேனாம்ல. இந்தாங்க, வச்சுக்கங்க."

சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன். அவள் பக்கத்துப் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தாள்.

"இதுவும் ஆடுது மாமா. விழுந்ததும் கொண்டாறேன்."