வாத்து என்று பதிவான தாண்டவராயன்

ஒரு காட்டில், மனுஷன் என்ற ஜந்து தலைகாட்டுவதற்கு ரொம்ப முந்தி, தாண்டவராயன் என்றொரு டைனோசர் இருந்தார். நல்ல வாட்டசாட்டம், வண்டி வண்டியாகத் தழை தின்கிற வயிறு. வாய் மட்டும் வாத்து அலகு மாதிரி தட்டையாக நீண்டிருக்கும். அவர் வம்சத்துக்கே அப்படித்தான். அந்தக் காலத்தில் ரேஷன் கடை ஏது, செல்போன் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தழைக்குத் தட்டுப்பாடு வந்து ரேஷன் கடை திறந்தார்கள். முகத்தைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்கிற மிஷினும் அங்கே வந்தது. தாண்டவராயன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து முகத்தைக் காட்டினார்.

மிஷின், 'வாத்து' என்றது.

கடைக்காரர் ஓணான் ஒரு பிடி நெல்லும் நாலு நத்தையும் எடுத்து வைத்தார்.

"என்னப்பா இது? நான் சைவம்."

"மிஷின் சொல்றதைத்தான் கொடுக்க முடியும், ஐயா."

"மிஷின் கிடக்கட்டும். நீ பாரு. என்னைப் பார்த்தா வாத்தாவா தெரியுது?"

"பார்க்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. திருத்தச் சொல்லி மனு கொடுங்க, மேலே அனுப்பிடறேன்," என்று ஓணான் தலையை ஆட்டினார். ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது கோபத்தில் தாண்டவராயனுக்கு மறந்துவிட்டது. மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மனைவி மங்களவல்லிக்கும் அதே அலகுதான். ஆனால் அவள் முறை வந்த சமயம், வரிசையில் இடையில் புகுந்த ஆமையைத் திட்டுவதற்காகப் பின்னால் திரும்பிவிட்டாள். மிஷின் அவள் வாலைப் பார்த்து 'டைனோசர்' என்று பதிந்துகொண்டது. மாதாமாதம் இரண்டு வண்டி தழை. அதில்தான் குடும்பம் ஓடியது.

"சாப்பிடுங்க, என் கார்டு தழைதான்," என்று வேளா வேளைக்கு ஞாபகப்படுத்துவாள். தாண்டவராயனுக்குத் தொண்டையில் இறங்காது. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வாத்து என்று பேர் வாங்கியது அவரைப் பிடுங்கித் தின்றது. வாராவாரம் கடைக்கு நடந்தார். ஓணானும் வாராவாரம் தலையாட்டினார்.

ஒருநாள் குளக்கரையில் உக்கிரமூர்த்தி எதிரே வந்து நின்றார். அவர் கறி தின்கிற டைனோசர். மலை மாதிரி உடம்பு, கை மட்டும் குட்டி. செல்போன் பிடிக்கத் தோதான கை. அடித்துத் தின்பதற்கு முன்னால் இரையின் முகத்தைப் போனில் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று புதுச் சட்டம். மீறினால் அவர் கார்டை முடக்கிவிடுவார்கள். காட்டினார். 'வாத்து. பாதுகாக்கப்பட்ட நீர்ப்பறவை. தின்னக் கூடாது' என்று வந்தது.

"யோவ், நீ வாத்தா?"

தாண்டவராயன் மானத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"குவாக்," என்றார்.

"எங்கே, பறந்து காட்டு."

"உடம்பு சரியில்லீங்க."

உக்கிரமூர்த்தி எச்சிலை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்டு மங்களவல்லி அழுதே விட்டாள். "முதல்ல போய் அந்த மனுவை வாபஸ் வாங்குங்க. நீங்க வாத்தாவே இருங்க. என் தழை இருக்கு, இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

தாண்டவராயன் கடைக்கு ஓடினார்.

"எந்த மனு?" என்றார் ஓணான். தேடித் தேடி, நத்தை மூட்டைக்கு அடியிலிருந்து உருவினார். அதை அவர் அனுப்பவே இல்லை. "நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க."

"அனுப்பாதேப்பா. கிழிச்சுப் போடு."

"கிழிக்க எனக்கு ஏதுங்க அதிகாரம்? வாபஸ்னு தனியா எழுதிக் கொடுங்க. ரெண்டையும் சேர்த்து மேலே அனுப்பிடறேன்."

அந்த ஒரு முறை நிஜமாகவே அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர் முதல் தாளை மட்டும் படித்தார்.

மறுவாரம் அதே குளக்கரை, அதே உக்கிரமூர்த்தி. இந்தத் தடவை தாண்டவராயன் பயப்படவில்லை. தானாகவே முன்னால் வந்து அலகை நீட்டினார். போன் 'டிங்' என்றது. உக்கிரமூர்த்தி நிறுத்தி நிதானமாக வாசித்தார்: 'திருத்தம் ஏற்கப்பட்டது. இனம்: டைனோசர். தாமதத்துக்கு வருந்துகிறோம்.'

"குவாக்," என்றார் தாண்டவராயன்.

"கொடுத்து வச்சவர்யா நீர்," என்றார் உக்கிரமூர்த்தி. "என்னைக் கோழின்னு போட்டிருக்கான். நானும் அலையறேன், இன்னும் திருத்தின பாடில்லை." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மங்களவல்லி ரொம்ப நாள் அழுதாள். அவள் வீட்டுக்கு இப்போது இரண்டு கார்டு தழையும் தவறாமல் வந்தது.

யுகங்கள் கழித்து மனுஷர்கள் மண்ணைத் தோண்டியபோது தாண்டவராயனின் தாடை எலும்பு கிடைத்தது. படித்தவர்கள் சுற்றிநின்று பார்த்தார்கள். 'வாத்தலகு டைனோசர்' என்று எழுதிப் பலகை மாட்டினார்கள். இந்தத் தடவை யாரும் மனு கொடுக்கவில்லை.

நீதி: ஆபீஸில் உன்னை வாத்து என்று எழுதிவிட்டால், பேசாமல் நீந்தக் கற்றுக்கொள். திருத்தச் சொல்லிக் கேட்காதே, திருத்திவிடுவார்கள்.