பச்சைக் கல்லும் பதினொரு விநாடியும்

மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் நிற்க இடமில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னலோரம் தொற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூட்டத்துக்கும் வராத கணக்குப் பிரிவுக்காரர்கூட முன்வரிசையில் இருந்தார். வேகச் சித்தர் வருகிறார் என்றால் சும்மாவா?

சித்தர் என்றதும் காட்டில் தேடாதீர்கள். கோட்டு போட்டவர். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று பேசிக் கொடுக்கும் தரகு வேலைக்கென்றே லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகள் சில உண்டு. ஓ.ஆர்.எம். என்பார்கள். பலர் சேர்ந்து எழுதி, இலவசமாகத் திறந்து வைத்தவை. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் சித்தருக்குப் பிழைப்பு ஓடுகிறது. எது சிறந்தது என்று ஒப்பிட்டுச் சொல்வார். எங்கே ஒப்பிட்டாலும் 'மின்னல்' என்ற லைப்ரரிதான் ஜெயிக்கும். மின்னலுக்குப் பயிற்சி முகாம் நடத்துபவரும் அவரேதான். என்ன பொருத்தம் பாருங்கள்!

இந்த அலுவலகம் மருத்துவமனைகளுக்கான செயலியை ஆறு வருடமாக 'எறும்பு' என்ற லைப்ரரியை வைத்து ஓட்டிவந்தது. அதைக் கட்டிக் காத்தவளுக்கு எறும்பு அக்கா என்றே பெயர். மின்னல் வந்தால் அவளுக்கு இங்கே வேலை இருக்காது என்று மேலாளர் காலையிலேயே பக்குவமாகச் சொல்லியிருந்தார். அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

சித்தர் மடிக்கணினியைத் திறந்தார். லட்சம் நோயாளிகளின் பதிவுகளை எடுத்து வரச் சொல்லி, முதலில் எறும்பை ஓட்டினார். பதினொரு விநாடி. கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு ஒரு பச்சைக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணை மூடினார். மின்னலை ஓட்டினார். இரண்டே விநாடி!

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், மின்னலை முதல்ல ஓட்டிக் காட்டுங்களேன்," என்று எழுந்தாள் எறும்பு அக்கா.

"பெரியவங்க எப்பவும் கடைசியிலதாம்மா வருவாங்க. வரிசையை மாத்தினா அதிர்வு கலைஞ்சிடும்," என்றார் சித்தர்.

"அப்ப எறும்பையே இன்னொரு தடவை ஓட்டறேன்."

ஓட்டினாள். இரண்டு விநாடி.

"பாத்தீங்களா! கல்லோட அருள் எறும்புக்கும் இறங்கிடுச்சு!" என்று கத்தினார் கணக்குப் பிரிவுக்காரர். சித்தரே இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அடக்கமாகத் தலையசைத்தார்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தரவுத்தளம் இருந்த சோதனைக் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். கல்லை எல்லோருக்கும் தெரிய நடுமேசையில் வைத்தாள். மின்னலை முதலில் ஓட்டினாள்.

பதினொரு விநாடி.

"கல்லும் அதேதான், கேள்வியும் அதேதான். முதல் தடவை தரவுத்தளம் தேடி எடுக்குது, எடுத்ததை நினைவுல வெச்சுக்குது. அணைக்கிற வரைக்கும், ரெண்டாவதா யார் கேட்டாலும் சட்டுனு நீட்டிடும். எங்க மாமியாரைக் கடைசியா ஓடவிட்டாலும் அவங்கதான் ஜெயிப்பாங்க!"

"இந்த சர்வருக்கு நம்பிக்கை பத்தலை," என்று முனகியபடி சித்தர் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

மேலாளர் வாசல்வரை பின்னாலேயே ஓடினார். "சார், அந்தக் கல்லையாவது குடுத்துட்டுப் போங்க! பிரிண்டர் அடிக்கடி மக்கர் பண்ணுது!"

எறும்பு அக்காவின் வேலை தப்பியது. உயிரில்லாத பெட்டி, ஒருதரம் பார்த்ததை மறக்காமல் வைத்திருக்கிறது. ஒருதரம் ஏமாந்ததை நினைவில் வைத்துக்கொள்ள, கழுத்துக்குமேல் இருப்பதை நாம் எப்போதய்யா போட்டுப் பார்க்கப் போகிறோம்?