அடுப்பு சார் பொங்கவிட்ட பால்

டெல்டா முழுக்கத் தேடினாலும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அடுப்பு பற்றவைக்கும் இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். முத்துப்பேட்டையில் என் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிர் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். அவருடைய பெயர் தபால்காரருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். எல்லோருக்கும் அவர் அடுப்பு சார். கப்பலில் வேலை பார்த்தவர் என்பார்கள் சிலர். வடக்கே ஏதோ கல்லூரியில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் என்பார்கள் சிலர். நேரில் கேட்டால், "அதை இங்கிலீஷ்ல கேளுங்க, சொல்றேன்" என்பார். கேட்க வந்தவர் வேறு வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார்.

என் மகள் சரண்யா நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்று சாரின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். வேளாண்மை அலுவலகத்தில் பயிர்க் கணக்கு எழுதும் எனக்கு இங்கிலீஷ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பப் பயந்துதான் வந்திருக்கிறாள் என்று என் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் இரண்டு பேருடைய பயத்தையும் நானே படவேண்டியிருந்தது.

ஒரு நாள் சார் கூடத்தின் நடுவே மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்தார். பாத்திரத்தில் பாலை ஊற்றினார். "இன்னைக்குப் பாடம், கீப் அன் ஐ ஆன். யாருக்காவது அர்த்தம் தெரியுமா?"

அரிசி ஆலை கோவிந்தராஜ் எழுந்து, "கண்ணு வைக்கிறது சார். எங்க ஆலை மேல ஊரே வச்சிருக்கு" என்றார்.

"உக்காருங்க. உங்க ஆலையை யாரும் பாக்கலை" என்ற சார், என் கையில் ஆங்கில நாளிதழைக் கொடுத்தார். "சத்தமாப் படிங்கம்மா. பாலும் பொங்கக் கூடாது."

நான் முதல் வரியைப் படித்துவிட்டுப் பாலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"படிப்பு நின்னு போச்சே?"

"பால் பொங்கிடும் சார்."

"இப்ப நீங்க பண்றதுக்குப் பேரு முறைச்சுப் பாக்குறது. உங்க வேலை உங்க கையில ஓடணும். மனசுல ஒரு ஓரம் மட்டும் பால்கிட்ட இருக்கணும். அதான் கீப் அன் ஐ ஆன். ரோட்டுல நெல்லைக் காயப்போட்டுட்டு நிழல்ல உக்காந்து கதை பேசுறோமே, ஆடு வந்தா மட்டும் எந்திரிக்கிறோம்ல, அது."

அன்று ஒவ்வொருவராகப் படித்தோம். யார் படித்தாலும் பால் விளிம்பு வரை ஏறும், சார் எங்கோ பார்த்தபடி கையை நீட்டித் திரியை இறக்குவார். அவர் வகுப்பில் பால் பொங்கி யாரும் பார்த்ததில்லை. பொங்கினால் டீ கிடையாது என்பதால் பாலை விட நாங்கள்தான் அதிகம் கொதித்துக்கொண்டிருந்தோம்.

வகுப்பு முடியும்போது வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒவ்வொருவர் காதிலும் வகுப்பில் இருக்கும் இன்னொருவர் பெயரைச் சொன்னார். சார் போதும் என்று சொல்லும்வரை அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரியக்கூடாது. தொந்தரவு செய்யக்கூடாது. ஆனால் எப்போது கேட்டாலும், அவர் நலமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று சொல்லத் தெரியவேண்டும்.

"எனக்குச் சரண்யாவைக் குடுத்துடுங்க சார்" என்றேன்.

"உங்களுக்கா? பாலைப் பாத்த மாதிரி பாப்பீங்க. வேண்டாம்." சரண்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வளைகுடாவில் இருக்கும் கணவரிடம் போவதற்காக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நூர்ஜஹான் கேட்டாள்: "எல்லாருக்கும் ஆள் போட்டுட்டீங்க. உங்களை யாரு சார் பாத்துக்கிறது?"

"நான் பாடம் எடுக்கிறவன்மா. பாடத்துக்குள்ள வரமாட்டேன்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அலுவலகக் கூட்டத்துக்காக நான் திருத்துறைப்பூண்டி போக வேண்டியிருந்தது. சரண்யா முதல்முறையாகத் தனியாக வகுப்புக்குப் போனாள். நன்றாக இருட்டிய பிறகு நான் முத்துப்பேட்டையில் இறங்கி அவளைப் போனில் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "இன்னும் வரலையே, வீடு பூட்டித்தான் கெடக்கு" என்றாள்.

முத்துப்பேட்டையிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பாதையில் வாய்க்கால் பாலத்தை இடித்துவிட்டுப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி வழி போட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் நின்ற கண்டக்டரிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் பஸ் போகாதும்மா. தண்ணி மேல ஏறிடுச்சு. கடைசி வண்டியைப் பாதியிலயே நிறுத்தி இறக்கிவிட்டுட்டோம். கொஞ்ச பேரு நடந்து போனாங்க."

"தண்ணியிலயா?"

"சொன்னா யாரு கேக்குறா? ஒரு பைக்கு வேற உள்ள விழுந்துடுச்சுன்னு பேசிக்கிறாங்க."

அதற்குப் பிறகு சார் வீடு வரை எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. குடை எங்கே போனது என்றும் தெரியவில்லை. சார் அப்போதுதான் அடுப்பில் பால் வைத்திருந்தார்.

"சார், சரண்யா வீடு போய்ச் சேரலை."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அவ மேல கண்ணு வைக்கிறது நூர்ஜஹான்" என்று சொல்லி போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

பால் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, சொல்ல வாய் வரவில்லை. சார் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று எண்களை அழுத்தினார். விரல் தப்பித் தப்பி விழுந்தது. பால் பொங்கி ஸ்டவ் மேல் வழிந்து, திரி அணைந்து, கூடம் முழுக்கத் தீய்ந்த வாடை பரவியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரே பயந்துவிட்டார் என்றால் நான் என்ன செய்வேன்?

மறுபடியும் அடித்தார். இந்த முறை எடுத்தாள்.

"சார், புள்ள பக்கத்துலதான் இருக்கா. வாய்க்காலுக்கு இந்தாண்ட டீக்கடையில. கொஞ்சம் இருங்க, கையில குடை."

சார் போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஆட்டோ பிடித்து இருவரும் போனோம். டீக்கடைப் பெஞ்சில் பைக்கோடு விழுந்த ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் என் மகளின் துப்பட்டா கட்டாக ஏறியிருந்தது. அவரைக் கரையேற்ற டார்ச் அடித்தே சரண்யா போனில் சார்ஜ் தீர்ந்துபோனதாம். நூர்ஜஹான் ஒரு கையில் குடையும் மறு கையில் கத்திரிக்காய்ப் பையுமாக, சரண்யா தலைக்கு மேலே குடை பிடித்து நின்றாள். நூர்ஜஹான் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தாள்.

மகளைக் கட்டிக்கொண்டேன். திட்டவும் செய்தேன். எது முதலில் என்று நினைவில்லை.

சார் நூர்ஜஹானைப் பார்த்தார். "உங்க வீடு கடைத்தெருவுலல்ல இருக்கு? இங்க எப்படிம்மா வந்தீங்க?"

"காய் வாங்கிட்டு நின்னேன் சார். இந்தப் புள்ள இந்த மழையில தனியா பஸ் ஏறுது. நானும் ஏறிட்டேன்."

"கூடவே பஸ் ஏறச் சொல்லி நான் பாடம் எடுக்கலையே."

"நீங்க இன்னும் போதும்னு சொல்லலையே சார்."

அடுப்பு சார் அவள் கையிலிருந்த கத்திரிக்காய்ப் பையை வாங்கிக்கொண்டு, "போதும்மா" என்றார். நாங்கள் எல்லோரும் டீ குடித்தோம். கடைக்காரர் பாலைப் பொங்கவிடாமல்தான் காய்ச்சினார், ஆனாலும் சார் அந்த அடுப்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரண்யா தேர்வில் தேறி இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறாள். நூர்ஜஹானும் கணவரிடம் போய்விட்டாள். மழைச் சத்தம் கேட்டால் நான் இன்னும் சரண்யாவுக்குப் போன் போடுகிறேன். அன்று நடந்ததைப் பற்றிச் சாரிடம் பேச்செடுத்தால், "அதை இங்கிலீஷ்ல கேளுங்க" என்கிறார்.

காலையில் அலுவலகத்தில் பயிர்க் கணக்கை விரித்து வைத்து எழுதுகிறேன். வேலை கையில் ஓடுகிறது. எதிர் வீட்டுக் கதவு திறந்து, சார் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை, மனசில் ஒரு ஓரம் மட்டும் ஜன்னலிலேயே இருக்கிறது. எனக்கு யாரும் இன்னும் போதும் என்று சொல்லவில்லை.