ஆறு மில்லிமீட்டர் பிடிவாதம்

"கையெழுத்துப் போட முடியாது சார்!"

கட்டுப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. பின்னே, ஆய்வுக்கூடத் தலைவரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? அவளுக்குப் 'பிடிவாதம்' என்று பட்டப்பெயர் சும்மாவா வந்தது!

மியூவான் என்னும் நுண்துகள்கள் கற்றையாகப் பாய்ந்து வரும். அது நடுவில் வருகிறதா, எவ்வளவு அகலம் என்று அளக்கும் டிடெக்டரை இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்தவள் அவள். காலையில் எல்லாம் ஒழுங்கு. மதியம் இரண்டு மணியானால் கற்றை மூன்று மில்லிமீட்டர் ஒதுங்குகிறது.

"ஒதுங்கறது கற்றை இல்லம்மா, உன் டிடெக்டர். கோளாறுன்னு எழுதிக் குடு, கழட்டிடலாம்" என்றார் தலைவர்.

"அது பொய் சொல்லாது சார்."

மறுநாள் காலை திருகுகளை இறுக்கினாள். அதற்குத் தலைவரோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம். மதியம் நான்கு மில்லிமீட்டர். அடுத்த நாள் கேபிள்களை மாற்றினாள். அந்தச் சண்டை வாசல் காவலாளிக்கே மனப்பாடம். மதியம் ஆறு!

"கற்றையை வளைக்கற காந்தத்துக்குக் கரண்ட் குடுக்கற ரூமைத் திறங்க சார். அது சூடானா கற்றை திரும்பிடும். அதுக்குத்தானே எந்நேரமும் ஏசி ஓடுது?"

"அங்க தினமும் நானே உள்ள இருந்து கவனிக்கறேன். என்னையே சந்தேகப்படறியா?" சட்டைப்பையிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை இந்தத் தகராறை விசாரிக்க மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

"யாரும் நகரக் கூடாது. சார், நீங்களும்தான். கற்றை ஒதுங்கறதைக் கண்ணால பாருங்க" என்றாள்.

இரண்டு மணி. இரண்டரை. தலைவர் ஏழெட்டுக் கொட்டாவி விட்டார். மூன்று மணி. பாழாய்ப்போன கற்றை ஒரு மயிரிழைகூட அசையவில்லை!

"பாத்தீங்களா? கற்றை கல்லு மாதிரி நிக்குது. இத்தனை நாள் உளறினது இவ டிடெக்டர்தான்!" தலைவர் பேனாவை நீட்டினார்.

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் பேனாவை வாங்கி மூடி, மேசைமேல் ணங்கென்று வைத்தாள். "வேலையே போனாலும் போட மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் துப்புரவு அக்கா, கையில் துடைப்பத்தோடு.

"ஐயா, இங்கயா இருக்கீங்க? அந்தச் சாவியைக் குடுங்க. குளிருதுன்னு ஏசியை அணைச்சுட்டு மதியமானா நீங்க தூங்கிடறீங்க, அதுவும் சண்டை போட்ட நாள்ல அஞ்சு மணி வரைக்கும் எந்திரிக்கறதே இல்ல. இன்னிக்காவது அந்தக் காந்தக் கரண்ட் ரூமைக் கூட்டிடறேன்!"