தீவன ஆராய்ச்சியாளர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள்

நம் தஞ்சாவூர்ச் சீமையில் பட்டமும் இல்லாமல், ஆய்வுக்கூடமும் இல்லாமல், ஆராய்ச்சியை மட்டும் விடாத ஒரு மனித இனம் உண்டு. மாட்டுத் தீவன ஆராய்ச்சியாளர் என்று பெயர். நாட்டில் தாராளமயம் வந்து, எதற்கும் லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனதிலிருந்து இந்த இனம் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. உங்கள் தெருவில் இல்லை என்கிறீர்களா? இருக்கும். நன்றாகப் பாருங்கள்.

அடையாளம் சுலபம். புண்ணாக்குக் கடைக்குப் போனால் நீங்களும் நானும் விலை கேட்போம். இவர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். பாபநாசத்தில் கடை வைத்திருக்கும் மீரா சாகிப் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அண்ணே, மாட்டுக்கும் கொஞ்சம் வைங்கண்ணே" என்றே சொல்லிவிட்டார். துக்க வீட்டுக்குப் போனாலும் இவர் நேரே கொல்லைக்குப் போய்ச் சாணியைப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வருவார். வந்து, "புரதம் பத்தலை" என்று பெருமூச்சு விடுவார். இறந்தவரைச் சொல்கிறார் என்று நினைத்து அவர்களும் இன்னொரு சுற்று அழுது வைப்பார்கள்.

எனக்குத் தெரிந்த பஞ்சநதம் இந்த இனத்தில் முதல் தரம். ஒருநாள் பயிற்சி முகாமில் சாப்பாட்டு டோக்கனோடு சேர்த்து ஞானமும் வாங்கி வந்தவர். வீட்டில் ஒரே ஒரு கலப்பின ஜெர்சி. அவர் எதைக் கலந்து வைத்தாலும் அது முகர்ந்து பார்க்கும், அவரை ஒரு பார்வை பார்க்கும், வைக்கோல் பக்கம் திரும்பிக்கொள்ளும். மனிதர் அசருவாரா? பொடியாக வைப்பதுதான் தப்பு, குச்சித் தீவனமாக வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். தவிடு, கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோள மாவு, உப்பு, வெல்லம் எல்லாவற்றையும் பிசைந்து, இட்லிப் பானையில் ஆவி காட்டி, மனைவி ராஜாத்தியின் முறுக்கு அச்சில் பிழிந்து, மொட்டைமாடியில் காயவைத்து, ஒடித்து, பிஸ்கட் டின்னில் அடைத்தார். பார்ப்பதற்குக் காராசேவு தோற்றது. மாடு அதையும் தொடவில்லை.

இவருக்கு பூர்ணிமா என்று ஒரு மகள். ஏற்கெனவே பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அப்பாவின் சாணி விளக்கத்தைக் கேட்டு, காபியை முடிக்காமலே எழுந்து போனவை. அந்தப் பெண் அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, எனக்குக் கவலை இல்லம்மா. அந்த வீட்டுல மாட்டைப் பத்தி யாரும் பேசக் கூடாது. அது போதும்."

மூன்றாவதாக, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நாகநாதன் என்பவர் தம் மகன் ராஜராஜனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு மஸ்கட்டில் வேலை. "ஏங்க, அவங்க போற வரைக்கும் மாடுன்னு வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று கணவரை எச்சரித்துவிட்டு, ராஜாத்தி அவசர அவசரமாகக் கேசரியும் காராசேவும் எடுத்து வைத்தாள். டின்தான் மாறிப்போனது.

நாகநாதன் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்று. அப்புறம் ஒரு கை அள்ளினார்.

பஞ்சநதம் பார்த்துவிட்டார். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் பாய்ந்து தட்டைப் பிடுங்கியிருப்பான். இவருக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷ ஆராய்ச்சியில் அவர் தயாரிப்பை ஓர் உயிர் விரும்பிச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"நல்லா மென்னு சாப்பிடறீங்களா, அப்படியே முழுங்கறீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அது மாட்டுக்குச் செஞ்சதுங்க."

கதவுக்குப் பின்னால் ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். இந்த இடமும் போச்சு என்று பூர்ணிமா பூவைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள்.

நாகநாதன் கையிலிருந்த குச்சியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். முன்பல்லால் கொஞ்சமாகக் கடித்து, கண்ணை மூடினார்.

"புண்ணாக்கு கடலைதானே?"

"ஆமாங்க."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. எள்ளு போட்டிருக்கணும். எங்க வீட்டு கிரைண்டர்ல நான் ஒண்ணு அரைக்கறேன் பாருங்க..."

அப்புறம் என்ன? இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்கள். பெண்ணைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் இல்லை.

கூப்பிடாமலே பூர்ணிமா கூடத்துக்கு வந்தாள். வந்தவள் உட்காரவும் இல்லை.

"கல்யாணம் ஆனா என்னையும் மஸ்கட் கூட்டிட்டுப் போவீங்களா?"

"விசா வந்த அன்னிக்கே."

"அங்க மாடு இருக்குமா?"

"நான் இருக்கற பக்கம் ஒண்ணுகூட இல்லைங்க" என்றான் ராஜராஜன். "சம்பளம் கம்மிதான். மாடு இல்லைங்கறதுக்காகத்தான் அந்த வேலையில சேர்ந்தேன்."

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது.

டெல்டாவிலிருந்து பிள்ளைகள் ஏன் விமானம் ஏறுகிறார்கள் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்கிறார்கள், நெல்லுக்கு விலை இல்லை என்கிறார்கள். எழுதட்டும். நீங்கள் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தபோது, 'கடலையும் வேண்டாம், எள்ளும் வேண்டாம், தேங்காய்ப் புண்ணாக்கு அல்லவா போட்டிருக்க வேண்டும்' என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதா? ஓடியதென்றால், உங்கள் பிள்ளை இந்தத் தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை என்று போன் செய்தானே, அவனுடைய முதலாளியைத் திட்டாதீர்கள். அந்த மனிதர் பாவம், லீவு கொடுத்துவிட்டார்.